மிரர் உள்ள சர்வருக்குப் பேட்ச்: அப்படியே போடுவதா, பிரித்துப் போடுவதா, ஸ்னாப்ஷாட்டா, காத்திருப்பதா?

"சர்வரில் ரெண்டு டிஸ்க், ரெய்டு 1 (ஒரே டேட்டா இரண்டிலும் எழுதப்படும் மிரர்). ஓஎஸ்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கு அப்டேட் வந்து நிற்கிறது. மிரர்தான் இருக்கே என்று அப்படியே போட்டுவிடலாமா, இல்லை ஒரு டிஸ்க்கைப் பிரித்து வைத்துவிட்டுப் போடவா?" சர்வர் பார்த்துக்கொள்பவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். இந்தப் பயத்திலேயே பேட்ச் போடாமல் மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறவர்களும் உண்டு. நான்கு வழிகளையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்ப்போம். அதற்கு முன், மிரர் எதைக் காக்கும், எதைக் காக்காது என்பதில் தெளிவு வேண்டும். அதைக் காட்ட 2020 டிசம்பரில் நடந்த ஒன்றே போதும்.

எஸ்எஸ்டி டிஸ்க்குகளில் "இந்த இடமெல்லாம் இப்போது காலி" என்று ஃபைல் சிஸ்டம் டிஸ்க்குக்குச் சொல்லும் வேலைக்கு ட்ரிம் என்று பெயர். லினக்ஸின் சொந்த மென்பொருள் ரெய்டுக்கு எம்டி என்று பெயர்; அதன் ரெய்டு 10 (மிரர் ஜோடிகளில் டேட்டாவைப் பரப்பி வைக்கும் வகை), அந்தக் கட்டளையைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி அனுப்பிக்கொண்டிருந்தது. பெரிய டிஸ்க் என்றால் முடியவே முடியாது. அதை வேகப்படுத்த ஒரு பேட்ச் எழுதினார்கள். நியாயமான தேவை, நல்ல நோக்கம். லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு அந்த மாற்றத்தைத் தன் பழைய கெர்னல்களுக்கும் கொண்டுவந்தது, 5.4.0-56 அதில் ஒன்று. ட்ரிம் எந்த இடத்துக்குப் போக வேண்டும் என்ற கணக்கில் பிழை இருந்ததால், ஜோடி டிஸ்க்குகளில் பயன்பாட்டில் இருந்த இடங்களும் காலி என்று அடிபட்டன. உபுண்டுவில் ட்ரிம் வாரம் ஒருமுறை தானாகவே ஓடும். ஆகவே புதிய கெர்னலில் ரீபூட் செய்தவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. வாராந்திர ட்ரிம் ஓடி முடிந்த பிறகுதான் ஃபைல் சிஸ்டம் அலற ஆரம்பித்தது.

அந்த நேரம் முழுக்க ரெய்டு நிலவரத்தில் எல்லா டிஸ்க்குக்கும் நேராக 'யூ' என்ற எழுத்துதான் நின்றது; அதாவது எல்லாம் நலம். டிஸ்க் எதுவும் சாகவில்லை அல்லவா? இரு பிரதிகளும் வெவ்வேறாக இருந்தால் எது சரி என்று எம்டிக்குத் தெரியாது. டேட்டா மாறாமல் இருக்கிறதா என்று சரிபார்க்க உதவும் செக்சம் எண்ணை அது வைத்துக்கொள்வதில்லை. சில நாட்களில் உபுண்டு அந்த மாற்றத்தை நீக்கிய கெர்னலை வெளியிட்டது. அதே மாதம் 13-ஆம் தேதி வெளிவந்த லினக்ஸ் 5.10-க்கு மறுநாளே 5.10.1 வந்தது. அதுவும் ரெய்டு தொடர்பான இரண்டு மாற்றங்களைத் திரும்பப் பெறத்தான்.

டிஸ்க் செத்தால் மிரர் காப்பாற்றும். மென்பொருள் தப்பாக எழுதினால், அந்தத் தப்பும் இரண்டு பக்கமும் போய்ச் சேரும். அல்லது இரண்டு பக்கமும் வேறுவேறாகிவிடும். இந்த இடத்திலிருந்துதான் முடிவெடுக்க வேண்டும்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் கேள்வி, திரும்பிப் போக எவ்வளவு நேரம் ஆகும்? சர்வர் எழும்பவில்லை என்றால் பழைய நிலைக்கு வர ஐந்து நிமிடமா, ஐந்து மணி நேரமா?

இரண்டாவது, திரும்பிப் போனால் எந்த டேட்டா போகும்? இதைத்தான் பலர் கேட்கவே மறந்துவிடுகிறார்கள். ஓஎஸ் இருக்கும் மிரரிலேயே டேட்டாபேஸும் மெயிலும் இருந்தால், ஓஎஸ்ஸைப் பழைய நிலைக்குத் திருப்பும்போது இடையில் பதிவான ரசீதுகளும் பழைய நிலைக்குப் போகும்.

மூன்றாவது, பேட்ச் வேலை நடக்கும் இடைவெளியில் ஒரு டிஸ்க் செத்தால் என்ன கதி? நான்காவது, தப்பு எப்போது கண்ணில் படும்: ரீபூட்டிலேயா, ஒரு வாரம் கழித்தா? ஐந்தாவது, ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் இதைக் கை தவறாமல் செய்ய முடியுமா?

## வழி 1: மிரரை அப்படியே வைத்து நேராகப் போடுவது

பெரும்பாலான சர்வர்களில் நடப்பது இதுதான். பெரும்பாலான பேட்ச்களுக்கு இது சரியும்கூட. வெப் சர்வர், பிஎச்பி, நேர மண்டலக் கோப்பு மாதிரியான அப்டேட்டுக்கு மிரரைத் தொட வேண்டிய வேலையே இல்லை. பழைய தொகுப்பைத் திரும்ப நிறுவினால் முடிந்தது. டிஸ்க் செத்தாலும் காவல் அப்படியே இருக்கிறது; கை தவற இடமும் குறைவு.

கெர்னல் அப்டேட்டிலும் ஓரளவு பாதுகாப்பு உண்டு. லினக்ஸில் பழைய கெர்னல் பூட் மெனுவில் நிற்கும். புதியது எழும்பாவிட்டால் அதைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் கெர்னலை ஏற்றிவிடும் பூட்லோடரே அப்டேட் ஆனால் அந்த மெனுவே வராமல் போகலாம். மறைந்திருக்கும் செலவு இங்கேதான்.

2020 ஜூலையில் பூட்ஹோல் என்று பெயரிட்ட ஓட்டையை அடைக்க முக்கிய லினக்ஸ் வகைகள் கிரப் என்ற பூட்லோடரை அப்டேட் செய்தன. ரெட் ஹேட் 7, 8 பதிப்புகளில் சில கணினிகள் அதற்குப் பிறகு பூட் ஆகவில்லை. டெபியன், உபுண்டு பக்கம் வேறு மாதிரி வந்தது. அது மிரர் வைத்திருப்பவர்கள் கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டியது. பழைய பயாஸ் முறையில் (கணினி எழும்பும் பழைய முறை) கிரப் இரண்டு துண்டாக இருக்கும். ஒரு துண்டு டிஸ்க்கின் தொடக்கத்தில், ரெய்டுக்கு வெளியே இருக்கும். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தனித்தனி. இன்னொரு துண்டான மாட்யூல்கள் பூட் ஃபோல்டரில், மிரருக்குள்ளே இருக்கும். அப்டேட் வந்தபோது மாட்யூல்கள் புதிதாகின. டிஸ்க் தொடக்கத்தில் இருப்பதோ, நிறுவியபோது குறித்துவைத்த டிஸ்க்கில் மட்டும்தான் புதிதானது. பயாஸ் மற்ற டிஸ்க்கிலிருந்து பூட் செய்தால் பழைய தலையும் புதிய உடலும் சந்தித்துக்கொள்ளும். திரையில் 'கிரப்_காலாக்' என்ற சிம்பல் கிடைக்கவில்லை என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான். டிஸ்க் இரண்டும் நலம், மிரரும் நலம், ஆனால் சர்வர் எழும்பாது.

பயாஸுக்குப் பின் வந்த யூஇஎஃப்ஐ முறையிலும் இதே வகைச் சிக்கல் உண்டு. இஎஸ்பி என்ற பூட் பார்ட்டிஷன் பொதுவாக மிரரில் சேராது. இரண்டாவது டிஸ்க்கில் அதன் நகல் இருக்கிறதா, அதுவும் அப்டேட் ஆகிறதா என்று நாம்தான் பார்க்க வேண்டும். விண்டோஸ் சர்வரின் டைனமிக் டிஸ்க் மிரரிலும் இந்தப் பார்ட்டிஷனைக் கையால்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

## வழி 2: ஒரு பாதியைப் பிரித்து வைத்துவிட்டுப் போடுவது

சோலாரிஸ் என்ற யூனிக்ஸ் ஓஎஸ் காலத்து நிர்வாகிகளுக்கு இது கை வந்த பழக்கம். சோலாரிஸ் வால்யூம் மேனேஜரில் ரூட் மிரரின் (ஓஎஸ் இருக்கும் மிரர்) ஒரு பாதியைக் கழற்றுவார்கள், மற்ற பாதியில் பேட்ச் போடுவார்கள், இரண்டொரு நாள் ஓட்டிப் பார்த்துத் திருப்தி என்றால் கழற்றியதைச் சேர்ப்பார்கள். பேட்ச் சொதப்பினால் தொடாத பாதியிலிருந்து பூட் செய்துகொள்ளலாம். சோலாரிஸின் லைவ் அப்கிரேட் இந்தக் கழற்றுவதையும் சேர்ப்பதையும் தன் கட்டளைக்குள்ளேயே வைத்திருந்தது.

இதன் பலம் பெரியது. பூட்லோடர், கெர்னல், ஃபைல் சிஸ்டம், ரெய்டு டிரைவர் என எது கெட்டாலும் தொடாத ஒரு முழு டிஸ்க் கையில் இருக்கிறது. 2020 டிசம்பர் மாதிரியான சிதைவு வந்தாலும் பிரித்து வைத்த டிஸ்க்குக்கு அது போய்ச் சேராது. வேறு எந்த வழியும் இவ்வளவு உறுதி தராது.

ஆனால் இதற்கான விலையைப் பலர் பாதிதான் கணக்குப் பார்க்கிறார்கள்.

பிரித்திருக்கும் நேரத்தில் மிரர் என்பதே இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க் செத்தால் மிஞ்சுவது பழைய டிஸ்க் மட்டும். திரும்பச் சேர்க்கும்போது ஒத்திசைவு நேரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள்: 4 டிபி டிஸ்க், நொடிக்கு 150 எம்பி வேகம் என்றாலே ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சர்வரில் வேலை ஓடிக்கொண்டிருந்தால் எம்டி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்; அதன் இயல்பான கீழ் வரம்பு நொடிக்கு 1000 கேபிதான். அந்த நேரம் முழுக்க ஒரே டிஸ்க்கை முதலிலிருந்து கடைசிவரை படிக்கிறோம். இதுவரை யாரும் தொடாத மூலையில் கெட்ட செக்டர் இருந்தால் அது வெளிப்படுவதும் அப்போதுதான். எனவே பிரிப்பதற்கு முன் இரண்டு டிஸ்க்கையும் முழுதாக ஒருமுறை சரிபார்ப்பு ஓட்டுவது கட்டாயம்.

அடுத்தது எது புதியது என்ற குழப்பம். எம்டி ஒவ்வொரு டிஸ்க்கிலும் ஒரு நிகழ்வு எண் எழுதி வைத்திருக்கிறது. எண் பெரிதாக இருப்பதே புதியது என்று எடுத்துக்கொள்ளும். பேட்ச் சொதப்பி, பழைய டிஸ்க்குக்குத் திரும்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பேட்ச் போட்ட டிஸ்க் இன்னும் செருகியபடியே இருந்தால் எண் அதில்தான் பெரிது. எம்டி அதையே எடுத்துக்கொண்டு பழையதை ஒதுக்கிவிடும். நாம் திரும்பிவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்போம், ஓடுவதோ கெட்டுப்போன டிஸ்க். இரண்டையும் தனித்தனியாகப் பூட் செய்துவிட்டால் இன்னும் மோசம். ஒவ்வொன்றும் மற்றதைச் செத்ததாகக் குறித்து வைத்திருக்கும். ஒன்றாகச் சேர மறுக்கும்.

சேர்க்கும் திசை தவறினால் நல்ல பிரதியின் மேல் கெட்டது எழுதப்படும். ராத்திரி நேரத்தில் டிஸ்க் பெயரைப் பார்த்துச் செய்யாதீர்கள். ரீபூட்டுக்குப் பிறகு பெயர் இடம் மாறும். சீரியல் எண்ணைத் தாளில் எழுதி, டிஸ்க் டிரேயிலும் ஒட்டிவிடுங்கள். எந்த இடங்கள் மாறின என்று குறித்துவைக்கும் பிட்மேப் வைத்திருந்தால் மாறிய இடங்கள் மட்டும் ஒத்திசையும், சில நிமிடத்தில் முடியும். ஆனால் பிரித்த டிஸ்க்கிலிருந்து ஒருமுறையாவது பூட் செய்திருந்தால் அந்தக் குறுக்கு வழி வேண்டாம். அதன் ரெய்டு குறிப்பை அழித்து, புது டிஸ்க்காகச் சேர்த்து, முழுதாக ஒத்திசைய விடுங்கள்.

சோலாரிஸில் இன்னொரு கண்ணி: மிரர் நிலவரத்தை எழுதிவைக்கும் ஸ்டேட் டேட்டாபேஸ் பிரதிகளில் பாதிக்கு மேல் கிடைத்தால்தான் சிஸ்டம் முழுதாக எழும்பும். இரண்டு டிஸ்க்கில் சரிபாதியாக வைத்து, ஒன்றை உருவிவிட்டு ரீபூட் செய்தால் சரியாகப் பாதிதான் கிடைக்கும். ஒற்றைப் பயனர் நிலையில் போய் நின்றுவிடும். மிரர் செய்த ரூட்டுக்கென ஒரு விதிவிலக்கு அமைப்பு உண்டு. அதை முன்கூட்டியே போட்டு வைத்திருக்க வேண்டும்.

ஹார்ட்வேர் ரெய்டு கார்டு இருக்கும் சர்வரில் ஓடும்போதே டிஸ்க்கை உருவிப் பத்திரப்படுத்தும் பழக்கத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். திரும்பச் செருகிய டிஸ்க்கைக் கார்டு எப்படிப் பார்க்கும் என்பது கார்டுக்குக் கார்டு மாறும். சில கார்டுகள் கேட்காமலே அதன் மேல் எழுத ஆரம்பித்துவிடும்.

## வழி 3: ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டுப் போடுவது

மிரரைப் பிரிக்காமலேயே பழைய நிலையைக் காத்து வைப்பது இந்த வழி. சோலாரிஸ் 11 இதைத் தன் இயல்பாகவே வைத்திருக்கிறது: பெரிய அப்டேட் என்றால் இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தில் இருக்கும் ரூட்டின் நகலான புதிய பூட் சூழலை உருவாக்கி அதில்தான் மாற்றம் செய்யும், பழையது அப்படியே பூட் மெனுவில் நிற்கும். ஃப்ரீபிஎஸ்டியில் 12.0 முதல் இதற்கான கருவி அடிப்படைத் தொகுப்பிலேயே வருகிறது. சூசே எண்டர்பிரைஸ் லினக்ஸ் 12 முதல் ரூட்டை பிடிஆர்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தில் வைத்து, ஒவ்வொரு நிறுவலுக்கு முன்னும் பின்னும் ஸ்னாப்பர் என்ற கருவி வழியாக ஸ்னாப்ஷாட் எடுக்கிறது.

திரும்பிப் போவது ஒரு ரீபூட் தூரம்தான். மிரர் முழுசாக இருக்கிறது. ஓஎஸ்ஸையும் டேட்டாவையும் தனித்தனி டேட்டாசெட்டாக (ஃபைல் சிஸ்டத்துக்குள் தனிப் பிரிவு) வைத்திருந்தால் ஓஎஸ் மட்டும் திரும்பும், ரசீதுகள் அப்படியே இருக்கும். இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் இரண்டிலும் செக்சம் இருப்பதால், இரு பிரதிகளில் ஒன்று கெட்டிருந்தால் எது நல்லது என்று அதற்கே தெரியும். அன்றாடப் பயன்பாட்டுக்கு இதைவிட வசதியான வழி எனக்குத் தெரியாது.

பலவீனம், ஸ்னாப்ஷாட்டும் அதே டிஸ்க்குகளில், அதே ஃபைல் சிஸ்டத்துக்குள் இருப்பது. ஃபைல் சிஸ்டத்தின் பேட்ச்சே கெட்டதென்றால் ஸ்னாப்ஷாட்டால் முழுப் பாதுகாப்பு தர முடியாது. 2023 நவம்பரில் ஓப்பன்இசட்எஃப்எஸ் 2.2.0-இல் நகலெடுத்த கோப்புகளுக்குள் சில இடங்கள் வெறும் பூஜ்யமாக வந்தன. நகலுக்கு மறுபடி எழுதாமல் அதே இடங்களையே பகிரும் பிளாக் குளோனிங் என்ற புதிய வசதியைச் சந்தேகித்து 2.2.1-இல் அணைத்தார்கள், தோண்டிப் பார்த்தால் வேர் அதைவிடப் பல வருடம் பழைய பிழை. 2.2.2, 2.1.14 பதிப்புகளில்தான் சரியானது. முக்கியமான விஷயம், ஸ்க்ரப் என்ற முழுச் சரிபார்ப்பை ஓட்டினாலும் அது தெரியவில்லை. தப்பான பூஜ்யங்களுக்கே செக்சம் போட்டு எழுதியிருந்ததால் எல்லாம் சரி என்றே வந்தது.

லினக்ஸில் இசட்எஃப்எஸ் கெர்னலுக்கு வெளியே வளரும் மாட்யூல். கெர்னல் அப்டேட் வந்து, மாட்யூல் அதற்கு ஏற்பக் கட்டமைய மறுத்தால், ரூட் பூலையே (ஓஎஸ் இருக்கும் இசட்எஃப்எஸ் டிஸ்க் தொகுதி) அடுத்த பூட்டில் காணோம் என்று நிற்கும். ரீபூட்டுக்கு முன் புதிய கெர்னலுக்கான மாட்யூல் உண்மையிலேயே உருவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று, அப்டேட்டுக்குப் பிறகு பூல் நிலவரம் கேட்டால் "சில வசதிகள் இன்னும் இயக்கப்படவில்லை, அப்கிரேட் செய்யலாம்" என்று ஒரு செய்தி வந்துகொண்டே இருக்கும். அதைப் பிழை என்று நினைத்து உடனே அப்கிரேட் கட்டளை கொடுத்துவிடுகிறார்கள். அந்த நொடியிலிருந்து பழைய பூட் சூழல் அந்தப் பூலைப் படிக்க முடியாமல் போகலாம்; கிரப்பும் படிக்க முடியாமல் போகலாம். எடுத்து வைத்த ஸ்னாப்ஷாட் அத்தனையும் இருந்தும் திரும்பும் கதவு மூடிவிடும். சில வாரம் அந்தச் செய்தி அப்படியே இருக்கட்டும்.

எம்டி மேல் எல்விஎம் (டிஸ்க் இடத்தைப் பிரித்துக் கொடுக்கும் லினக்ஸ் அடுக்கு) வைத்திருப்பவர்கள் எல்விஎம் ஸ்னாப்ஷாட் எடுக்கலாம். ஆனால் பூட் பார்ட்டிஷன் வழக்கமாக எல்விஎம்முக்கு வெளியே இருக்கும். ரூட் பழையதாகவும் பூட் புதியதாகவும் நின்றுவிடாமல் அதைத் தனியே நகலெடுக்க வேண்டும்.

## வழி 4: காத்திருப்பது

2020 டிசம்பரில் ஒரு வாரம் பொறுத்தவர்கள் அந்தக் கெர்னலைப் பார்க்காமலேயே தப்பித்தார்கள். 2023 டிசம்பரில் டெபியன் 12.3-இன் கெர்னலில் இஎக்ஸ்டி4 என்ற ஃபைல் சிஸ்டத்தைச் சிதைக்கும் பிழை இருந்தது தெரிந்து, அதை நிறுத்திவிட்டு நேராக 12.4 வெளியிட்டார்கள். அன்றும் பொறுமைக்குப் பலன் இருந்தது. செலவு இல்லாத வழி, டிஸ்க்கைத் தொட வேண்டாம், கை தவறாது. முதலில் ஒரு முக்கியமில்லாத சர்வரில், அதே மாதிரி மிரர் அமைப்பில் போட்டு ஒரு வாரம் ஓட்டுவது இதன் சிறந்த வடிவம். ஒரு வாரம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: வாராந்திர வேலைகள் எல்லாம் ஒரு சுற்று ஓடி முடிய வேண்டும்.

காத்திருப்பதே கொள்கையாகிவிட்டால் நிலைமை தலைகீழ். 2019 நவம்பரில் சர்வர் தயாரிக்கும் எச்பிஇ நிறுவனம் ஒரு எச்சரிக்கை வெளியிட்டது: குறிப்பிட்ட சில எஸ்ஏஎஸ் எஸ்எஸ்டி மாடல்கள், ஃபர்ம்வேரை (டிஸ்க்குக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) அப்டேட் செய்யாவிட்டால், மின்சாரம் கொடுத்து 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துப்போகும், டேட்டாவை மீட்க முடியாது. அதாவது 3 வருடம், 270 நாள், 8 மணி நேரம். 2020 மார்ச்சில் இன்னொரு வகைக்கு 40,000 மணி நேரம் என்று அடுத்த எச்சரிக்கை வந்தது. மிரரின் இரண்டு டிஸ்க்கும் ஒரே பெட்டியில் வந்து ஒரே நாளில் ஓட ஆரம்பித்தவை. இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சாகும். இங்கே மிரரைக் கொன்றிருக்கக்கூடியது போடாத பேட்ச். பாதுகாப்பு ஓட்டைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை; இணையத்தைப் பார்த்து நிற்கும் சர்வரில் ஏற்கெனவே தாக்குதல் நடக்கும் ஓட்டைக்கு ஒரு நாள்கூடப் பொறுக்கக் கூடாது.

## ஒரே பார்வையில்

| | நேராக | பிரித்து | ஸ்னாப்ஷாட் | காத்திருந்து |
|---|---|---|---|---|
| திரும்பும் நேரம் | சாதாரணத் தொகுப்புக்குக் குறைவு. பூட்லோடர் கெட்டால் அதிகம் | ஒரு ரீபூட், பிறகு நீண்ட ஒத்திசைவு | ஒரு ரீபூட் | திரும்பத் தேவையில்லை |
| டேட்டா இழப்பு | பேக்கப்பைப் பொறுத்தது | பிரித்த பிறகு பதிவான அனைத்தும் | டேட்டா தனியாக இருந்தால் இல்லை | இல்லை |
| இடையில் டிஸ்க் செத்தால் | மிரர் காக்கும் | காவல் இல்லை | மிரர் காக்கும் | மிரர் காக்கும் |
| சத்தமில்லாத சிதைவு | காப்பு இல்லை | நல்ல பிரதி தப்பும் | ஃபைல் சிஸ்டப் பிழைக்குக் காப்பு உறுதியில்லை | பிறர் கண்டுபிடித்திருந்தால் தப்பலாம் |
| கை தவறும் வாய்ப்பு | குறைவு | மிக அதிகம் | குறைவு | இல்லை |

## எந்த நிலைமைக்கு எது

எந்தப் பேட்ச் என்று முதலில் பாருங்கள். கெர்னல், பூட்லோடர், ரெய்டு அல்லது டிஸ்க் டிரைவர், ஃபைல் சிஸ்டம், டிஸ்க் ஃபர்ம்வேர் ஆகிய ஐந்தில் எதையும் தொடாத பேட்ச் என்றால் வழி 1. பேக்கப் இருக்கிறதா என்று மட்டும் உறுதி செய்துகொண்டு போட்டுவிடுங்கள்.

கெர்னல் அப்டேட், அவசரப் பாதுகாப்புக் காரணம் இல்லை என்றால் ஒரு வாரம் காத்திருந்து, ஸ்னாப்ஷாட் எடுத்துப் போடுங்கள். தானியங்கி அப்டேட் ஓடும் சர்வரில் கெர்னலை மட்டும் அதிலிருந்து விலக்கி வைக்கலாம். உபுண்டுவில் தானியங்கிப் பாதுகாப்பு அப்டேட் நிறுவும்போதே இயங்கும் நிலையில் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

பிரிக்கும் வழியை நான் பரிந்துரைப்பது மூன்று சூழலுக்கு மட்டும்: ஸ்னாப்ஷாட் வசதியே இல்லாத பழைய சர்வரில் ஓஎஸ்ஸின் பெரிய பதிப்பு மாற்றம், ரெய்டு அல்லது ஃபைல் சிஸ்டம் அடுக்கையே மாற்றும் பேட்ச், திரும்ப நிறுவ மீடியாவோ லைசென்ஸோ கிடைக்காத பழைய மென்பொருள் ஓடும் சர்வர். அப்போதும் மூன்றாவது டிஸ்க் ஒன்று வாங்க முடிந்தால் வாங்கிவிடுங்கள். அதை மிரரில் மூன்றாவது பிரதியாகச் சேர்த்து, ஒத்திசைந்ததும் அதைப் பிரித்து எடுத்தால், பேட்ச் நடக்கும்போதும் இரண்டு டிஸ்க் மிரர் அப்படியே இருக்கும். எம்டியும் இசட்எஃப்எஸ்ஸும் மூன்று டிஸ்க் மிரரை ஏற்கும். இசட்எஃப்எஸ்ஸில் பூலைப் பிளக்கும் கட்டளை, பிரிந்த பாதிக்குப் புதிய பெயரும் அடையாளமும் கொடுத்துவிடுவதால் எது புதியது என்ற குழப்பமும் வராது. ஒரு டிஸ்க் விலையில், இந்த வழியின் மிகப் பெரிய குறை நீங்கிவிடுகிறது.

புதிதாகச் சர்வர் அமைப்பவர் என்றால் இன்றே ஸ்னாப்ஷாட் வரும் ஃபைல் சிஸ்டத்தில் ஓஎஸ்ஸை வையுங்கள். டேட்டாவை வேறு டேட்டாசெட்டிலோ வேறு டிஸ்க்கிலோ வையுங்கள். நிறுவி முடித்ததும், சர்வரை ஒப்படைக்கும் முன்பே, முதல் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு இரண்டாவதிலிருந்து பூட் ஆகிறதா என்று ஒருமுறை சோதியுங்கள். கிரப் அல்லது இஎஸ்பி அப்டேட் வந்த ஒவ்வொரு முறையும் இரண்டு டிஸ்க்கிலும் பூட்லோடர் ஒரே பதிப்பா என்று பாருங்கள். டெபியன் வகையில் கிரப் தொகுப்பை மறுபடி கட்டமைத்தால் எந்தெந்த டிஸ்க்கில் எழுத வேண்டும் என்று கேட்கும், இரண்டையும் டிக் செய்யலாம். ப்ராக்ஸ்மாக்ஸ் (ஒரே சர்வரில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் ஓஎஸ்) வைத்திருப்பவர்களுக்கு எல்லா டிஸ்க்கின் இஎஸ்பியிலும் எழுதும் கருவி கூடவே வருகிறது.

எந்த வழியில் போட்டாலும், ரீபூட்டுக்குப் பிறகு எம்டி நிலவரத்தில் ஒரு 'யூ'வுக்குப் பக்கத்தில் அடிக்கோடு நின்றால் அது ஒற்றைக் காலில் ஓடும் மிரர். அதைச் சரிசெய்து, ஒத்திசைவு நூறு சதவீதம் முடிந்து, முழுச் சரிபார்ப்பு ஒன்று ஓட்டி, பொருந்தாத பிளாக் எண்ணிக்கையைப் பார்க்கும்வரை அடுத்த பேட்ச்சைத் தொட வேண்டாம்.